ரெண்டு நூல்

எங்கள் வீட்டுச் சாமி அறை உள்ளளவு ஆறுக்கு எட்டு. அடிக்கணக்கில்தான். பிளான் போட்ட இன்ஜினியர் ஆறு அடிக்குப் பதிலாக ஒன்று புள்ளி எட்டு மீட்டர் என்று எழுதியிருந்தார். முழுசாக இருக்கட்டும் என்றார். கணக்குப் பார்த்தால் ஆறு அடிக்கு ஒரு அங்குலத்துக்கு மேலேயே குறைந்தது. மனையடிப் புத்தகத்தில் ஆறு அடிக்கு நல்ல பலன் போட்டிருக்கிறது. மீட்டருக்குப் பலனே போடவில்லை. எனவே ஆறடிதான் வேண்டும் என்று பிடிவாதமாக நின்றேன்.

இத்தனைக்கும் நான் மில்லிமீட்டர் ஆள். ஹெப்பாளில் ஒரு கம்பெனியில் இருபத்தாறு வருஷமாக ஃபிட்டர். அரை மில்லி தப்பினால் பொருள் ஸ்க்ராப் பெட்டிக்குப் போய்விடும். மில்லியில் ஒரு சௌகரியம், அரைக்கால் முக்கால் என்று பின்னத்தில் தடுமாற வேண்டாம், கூட்டினால் கூடும். அதே சமயம் வாசற்படி உயரம் இரண்டாயிரத்து நூற்று முப்பத்துநாலு என்று மேஸ்திரியிடம் சொல்லிப் பாருங்கள், முழிப்பார். ஏழடி என்றால் உடனே கண்ணில் ஓர் உயரம் வந்து நிற்கும். அதனால் கம்பெனியில் மில்லி, வீட்டில் அடி என்று வைத்துக்கொண்டு சண்டையில்லாமல் இருந்தேன்.

ஆவணியில் பால் காய்ச்சிக் குடி வந்தோம். எங்கள் கல்யாணத்தன்று என் மனைவிக்கு அவள் பிறந்த வீட்டில் கொடுத்த முருகன் படம் ஒன்று உண்டு. சட்டத்தோடு இரண்டடி அகலம். வாடகை வீடுகளில் எல்லாம் அதை பீரோ மேலேயே வைத்திருந்தாள். அந்தப் படத்துக்காகத்தான் இந்த அறையே. சுவரில் இரண்டு எல் கிளாம்ப் அடித்து அதன் மேல் படத்தை நானே உட்கார வைத்தேன். ரசமட்டம் வைத்துப் பார்த்தால் குமிழி நட்டநடுவில் நின்றது. மேலே சீலிங்கிலிருந்து இரண்டு மூலைக்கும் நானூற்றுப் பன்னிரண்டு மில்லி, ஒரு மயிரிழை வித்தியாசம் இல்லை.

மறுநாள் காலை விளக்கேற்றிவிட்டு வெளியே வந்தவள், "ஏங்க, சாமி இடப்பக்கம் சாஞ்சிருக்கறாரு" என்றாள்.

சிரித்துக்கொண்டே ரசமட்டத்தை எடுத்துப் போய்க் காட்டினேன். மகள் செல்போனைச் சட்டத்தின் மேல் வைத்து, ஸீரோ டிகிரிம்மா, கரெக்டாகே இதே என்று பாதி கன்னடத்தில் தீர்ப்புச் சொன்னாள். என் மனைவி எங்கள் இரண்டு பேரையும் பார்த்தாள்.

"உங்க குமிழி நேரா இருக்குங்குது. எங்கண்ணு இல்லைங்குது. நான் கண்ணாலதான சாமி கும்புடறேன்?"

அதற்குப் பிறகு அந்த அறையில் அவள் உட்காரவில்லை. விளக்கை மட்டும் ஏற்றி வைத்துவிட்டு, அடுப்படியில் தினசரிக் காலண்டரில் இருக்கும் முருகன் முன்னால் நின்று கும்பிட்டுக்கொண்டாள். கோபமெல்லாம் இல்லை. மனசு ஒட்டவில்லை, அவ்வளவுதான். எனக்குத்தான் சோறு இறங்கவில்லை. ஒவ்வொரு செங்கல்லுக்கும் திருநீறு வைக்காத குறையாகக் கட்டிய அறை. கந்த சஷ்டி விரதம் தொடங்க நாலு நாள் இருக்கும்போது, ஆறு நாள் விரதத்தையும் காலண்டர் முன்னாலேயே முடித்துக்கொள்கிறேன் என்றாள். அன்றைக்கே மேஸ்திரிக்குப் போன் போட்டேன்.

அவர் ஹனூர்ப் பக்கத்துக்காரர். வீடு முழுக்கக் கட்டியவர். இரண்டு நாள் கழித்து, விஜயநகரில் ஒரு வேலைக்குப் போகிற வழியில் வந்தார். டேப்பை எடுக்கவில்லை. செருப்பைக் கழற்றிவிட்டு அறைக்குள் போய், என் மனைவி உட்காரும் பலகையில் அப்படியே சம்மணம் போட்டு உட்கார்ந்து பார்த்தார்.

"அக்கா சொல்றது நெசந்தானுங்க. நீங்க நின்னுட்டே பாக்கறீங்க, மேல சீலிங்கு நேரா தெரியுது. அக்கா ஒக்காந்து பாக்குது, கண்ணு மட்டத்துல இந்தக் கல்லு நிக்குது பாருங்க."

படத்துக்குக் கீழே சின்ன வேலுக்கு அபிஷேகம் செய்யக் கருங்கல் மேடை போட்டிருந்தோம். தண்ணீர் வலது மூலைக்கு ஓடட்டும் என்று அவரே அதற்கு வாட்டம் கொடுத்திருந்தார், கொத்து வேலைக் கணக்கில் அடிக்கு ஒரு நூல். அந்த வாட்டம் யாருக்கும் தெரியாது. உட்கார்ந்தவர் கண் கல்லைத்தான் மட்டம் என்று எடுத்துக்கொள்கிறது. கல் சரியாகத் தெரிய, படம் சாய்ந்ததாகத் தெரிகிறது.

நான் கல்லைத் தூக்கிவிடலாமா என்றேன். தண்ணி அப்புறம் உங்க காலுக்குத்தான் வரும் என்றார். அவர் போன் அடித்தது. எழுந்தவர், "இடப்பக்கம் ரெண்டு தூக்குங்க, போதும்" என்று சொல்லிவிட்டு வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

மறுநாள் கம்பெனியில் சூப்பர்வைசரைக் கேட்டு, ஸ்க்ராப்பிலிருந்து ஒரு பித்தளைத் துண்டு எடுத்தேன். மைக்ரோமீட்டர் வைத்து இரண்டு மில்லி கனத்துக்கு, பிசிறில்லாமல் ராவினேன். சாமிக்கு வைப்பது என்று துடைத்துப் பளபளப்பாக்கி வீட்டுக்குக் கொண்டுவந்து இடது கிளாம்ப்பில் வைத்தேன். அவளைக் கூப்பிட்டேன். உட்கார்ந்து கொஞ்ச நேரம் பார்த்தாள்.

கொஞ்சம் தேவலை, ஆனால் இன்னும் சாய்ந்துதான் இருக்கிறார் என்றாள். மெதுவாகத்தான் சொன்னாள். விடிந்தால் விரதம் ஆரம்பம்.

மேஸ்திரியைப் பிடித்தேன். நீங்கள் சொன்ன மாதிரியே இரண்டு தூக்கினேன், சரியாகவில்லையே என்றேன். எதை வைத்துத் தூக்கினேன் என்று கேட்டார். சொன்னேன். சிரிக்கிற சத்தம் போனுக்கு வெளியே கேட்டது.

"ரெண்டுன்னா ரெண்டு நூலுங்க. உங்க கம்பெனி ரெண்டை யாருங்க கேட்டா? ஒரு இஞ்சுக்கு எட்டு நூலு. போயி கால் இஞ்சு வைங்க."

இருபத்தாறு வருஷத்தில் எனக்கு இரண்டு என்றால் இரண்டு மில்லி. அவருக்கு இரண்டு என்றால் இரண்டு நூல். இரண்டு பேரும் அளவுக்குப் பெயர் சொல்லவில்லை, அவ்வளவு பழக்கம். கால் அங்குலம் என்றால் ஆறு மில்லியும் கொஞ்சமும். கையோடு கொண்டுவந்திருந்த மிச்சப் பித்தளையில் ராத்திரியே இன்னும் இரண்டு தகடு ராவினேன். மூன்றும் சேர்ந்து ஆறு. அந்தக் கொஞ்சத்தை முருகன் பொறுத்துக்கொள்வான் என்று வைத்துவிட்டேன்.

காலையில் தலைக்குக் குளித்து ஈரத்துண்டோடு வந்து பலகையில் உட்கார்ந்தாள். நான் கதவோரம் நின்றேன். நின்று பார்த்தால் படம் பச்சையாக வலப்பக்கம் சாய்ந்திருந்தது.

"இப்பத்தான் என்னைய நேரா பாக்கறாரு" என்றாள்.

அவள் பக்கத்தில் நானும் உட்கார்ந்தேன். உட்கார்ந்ததும் முருகனும் நேரானார். மகள் செல்போனைச் சட்டத்தின் மேல் வைத்துப் பார்த்து, அப்பா, ஒன் டிகிரி தப்பு என்று ஆரம்பித்தாள். போனை அங்கே வைத்துவிட்டு மணியை எடுத்து அப்பாவிடம் கொடு என்றாள் என் மனைவி. நான் மணி அடித்தேன். அவள் கற்பூரத்தை ஏற்றினாள்.