கப்பக்காரி எந்த ஊரு?

எங்கள் வீட்டில் போன வாரம் ஒரு சண்டை. எல்லாம் ஒரு விண்வெளிப் படத்தால் வந்தது. முதல் படத்தில் ஒரு வில்லன் வந்தான் பாருங்கள், கதவைத் திறந்துகொண்டு சும்மா நின்றான், நான் பேரன் கையைப் பிடித்துக்கொண்டேன். யார், எங்கிருந்து வந்தான், ஒரு மண்ணும் தெரியாது. இப்போது அவன் சின்னப் பிள்ளையாக இருந்தபோது என்ன நடந்தது என்று தனியாக ஒரு படம் எடுத்திருக்கிறார்களாம். அப்பன் அடித்தானாம், கூடப் படித்தவர்கள் கேலி செய்தார்களாம். அட போங்கப்பா! "அப்பத்தானே ஆளைப் புரிஞ்சுக்க முடியும்" என்கிறான் பேரன். புரிந்து என்ன செய்யப்போகிறோம், அவனுக்குப் பெண்ணா கொடுக்கப்போகிறோம்?

இந்தக் கோபத்துக்கே ஒரு முன்கதை இருக்கிறது. சிரிக்காதீர்கள்.

நிலாவில் மனிதன் கால் வைத்த வருஷம் அது. நான் நேமத்தான்பட்டியிலிருந்து தினமும் பஸ்ஸில் காரைக்குடிக்கு வந்து ஒரு டீச்சரிடம் தையல் படித்துக்கொண்டிருந்தேன். நாலைந்து பெண்கள், இரண்டே மிஷின். மிஷின் கிடைக்காதவர்கள் பாயில் உட்கார்ந்து ஹெம்மிங் பண்ணுவோம், காஜா எடுப்போம். பொத்தான் துளையைச் சுற்றி நூலால் இழைத்து இழைத்துக் கண்ணே பூத்துப்போகும் வேலை. அந்த டீச்சர் வீட்டு ரேடியோவில்தான் செய்தியைக் கேட்டோம். அன்று சாயங்காலம் பஸ் ஸ்டாண்டில் நின்று அண்ணாந்து பார்த்தேன். பாதி நிலா. அதில் இந்த நிமிஷம் ஆள் இருக்கிறான் என்று நினைத்ததும் கை மயிரெல்லாம் குத்திட்டு நின்றுவிட்டது. என் பஸ் வந்ததும் தெரியவில்லை, போனதும் தெரியவில்லை. வீட்டில் செம திட்டு.

மறுநாளே பாயில் உட்கார்ந்து கதை சொல்ல ஆரம்பித்துவிட்டேன். வானத்தில் ஒரு கப்பல். அதை ஓட்டுகிறவள் ஒரு பெண், ஒற்றை ஆள். எங்கள் பக்கத்தில் கப்பல் என்றால் யாரும் வாயைப் பிளக்க மாட்டார்கள், பர்மாவுக்கும் மலேயாவுக்கும் போய்வந்த ஊர். ஆனால் அதைப் பெண் ஓட்டுகிறாள் என்றதும் ஊசிகள் நின்றன. அவளுக்கு நான் பேர் வைக்கவில்லை. இவர்களாகவே "கப்பக்காரி" என்று வைத்துக்கொண்டார்கள்.

இரண்டு சூரியன் காய்கிற ஊருக்கு அவளை அனுப்பினேன். அங்கே ஆளுக்கு இரண்டு நிழல் என்றேன். "அப்ப துணி வெரசாக் காயும்!" என்றாள் பெரியக்கா. எங்களில் மூத்தவள், கல்யாணமாகி இரண்டு பிள்ளை பெற்றவள், வாய் மட்டும் காளையார்கோவில் தேர் போல, கிளப்பிவிட்டால் நிற்காது. இன்னொரு நாள் கப்பக்காரி எஞ்சினை நிறுத்திவிட்டு நடுவானத்தில் சும்மா இருந்தாள். காற்றில்லை, சத்தமில்லை, கீழே என்று ஒன்றும் இல்லை. இதைச் சொன்னபோது மிஷினில் இருந்தவள்கூடக் காலை எடுத்துவிட்டாள். நான் சொன்ன கதைதான், எனக்கே பயமாக இருந்தது. என்ன பயம் தெரியுமா, கோயிலில் கர்ப்பக்கிருகத்துக்கு நேரே தனியாக நிற்கும்போது வருமே, அது.

இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு ஒரு நாள் பெரியக்கா பிடித்துக்கொண்டாள்.

"அதெல்லாம் சரிடி, இவ எந்த ஊரு? யாரு வீட்டுப் பொண்ணு? கல்யாணம் ஆச்சா இல்லையா? ஒத்தையில திரியுறதுக்கு யாரு விட்டாக?"

"அதைப் பொறகு சொல்றேங்க்கா" என்று தட்டிக் கழித்தேன். விடுவாளா? தினமும் அதே கேள்வி. சரி, ஒரு பிறந்த கதை வைத்துத் தொலைப்போம் என்று பஸ்ஸில் வரும்போது யோசிப்பேன். ராஜா மகள் என்று வைத்துப் பார்த்தேன். காதல் தோல்வி என்று வைத்துப் பார்த்தேன். எதை வைத்தாலும் அவள் பக்கத்துத் தெருப் பெண் அளவுக்கு ஆகிவிட்டாள். பத்திரிகைத் தொடர்கதைகளில் 'முன்கதைச் சுருக்கம்' என்று போடுகிறார்களே, கதை சுருங்குகிறதோ என்னவோ, ஆள் சுருங்கிவிடுகிறாள்.

நான் சொல்லாமல் இருந்ததற்கு இன்னொரு காரணமும் உண்டு. எங்களோடு படித்தவர்களில் ஒருத்தி வாயே திறக்க மாட்டாள். காளையார்கோவில் பக்கத்துக் கிராமம், காரைக்குடியில் அத்தை வீட்டில் தங்கிப் படித்தாள். ஒரு நாள் பஸ் ஸ்டாண்டு வரை கூட நடந்து வந்தவள் தானாகச் சொன்னாள்.

"நான் கைப்பிள்ளையா இருக்கும்போதே எங்க ஆத்தா இன்னொருத்தரோட போயிருச்சு. பள்ளிக்கூடத்துல, கொளத்துல, கோயில்ல, எங்க போனாலும் ஓடிப்போனவ மகளுன்னுதான். இங்கதான் யாருக்கும் தெரியாது. தெரிஞ்சு நாலு பேரு பேசுனா அத்தை தையலை நிப்பாட்டி ஊருக்கு அனுப்பிரும்." சற்று நடந்துவிட்டு, "கப்பக்காரி எந்த ஊருன்னு சொல்லிராதே" என்றாள்.

சொல்வேனா நான்?

ஆனால் பெரியக்காவுக்குப் பிறந்த வீடு காளையார்கோவில். அந்தத் தீபாவளிக்கு ஊருக்குப் போய்விட்டு வந்தவள், பாயில் உட்கார்ந்ததும் கதையைத் தானே எடுத்துக்கொண்டாள்.

"நீ சொல்லாட்டி என்ன, எனக்குத் தெரிஞ்சு போச்சு. அந்தக் கப்பக்காரியோட ஆத்தா எவனோடயோ ஓடிப்போயிருப்பா. அதான் மகளும் ஒரு எடத்துல தங்காம அலையுறா. தாயைப் போல பிள்ளை, நூலைப் போல சேலை." சொல்லிவிட்டு அந்த வாய் திறக்காதவள் பக்கம் திரும்பினாள். "என்னத்தா, நான் சொல்றது சரிதானே? உங்க ஊருப்பக்கம் அப்படி ஒருத்தி இருந்தாளாம்ல?"

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வாயைத் திறப்பதற்குள் அந்தப் பெண் ஊசியைத் துணியில் குத்தி வைத்துவிட்டு நிமிர்ந்தாள். அத்தனை மாதத்தில் அவள் குரல் அந்த அறை முழுக்கக் கேட்டது அன்றைக்குத்தான்.

"இல்லக்கா. நீங்க தப்பாச் சொல்றீக. அவளுக்கு ஊரே இல்ல. அந்தக் கப்பல் கெளம்பி எத்தனையோ தலைமுறை ஆச்சு. கெளம்புன ஊரு இப்ப இருக்கா அழிஞ்சுபோச்சான்னு யாருக்கும் தெரியாது. போய்ச் சேர வேண்டிய ஊரையும் யாரும் பாத்ததில்ல. நடுவழியில பொறந்தவ அவ. கண்ணு முழிச்சப்ப சுத்தியும் நச்சத்திரம். அங்குட்டும் இருட்டு, இங்குட்டும் இருட்டு. எந்த நச்சத்திரமாச்சும் அவளைப் பாத்து நீ யாரு மகளுன்னு கேட்டுச்சா?"

ஆத்தாடி, நானெல்லாம் கதை சொன்னேன் என்று வெளியில் சொல்லக்கூடாது! பிறந்த ஊர் இல்லாத ஒருத்தியை என்னால் நினைத்துப் பார்க்கவே முடிந்ததில்லை. செத்தால்கூட எந்த ஊர் சுடுகாடு என்று கேட்கிற மண்ணில் பிறந்தவள் நான். இவள் ஒரே மூச்சில் அந்தக் கேள்வியை வானத்தில் கொண்டுபோய் விட்டுவிட்டாள். எனக்குக் கண் நிறைந்துவிட்டது.

அவள் இன்னும் முடிக்கவில்லை. "எங்க ஆத்தா போனது நெசந்தான்க்கா. ஏன் போச்சுன்னு எனக்கும் தெரியாது. அது எங்க ஆத்தா கதை" என்றாள்.

பெரியக்கா தலையைக் குனிந்துகொண்டாள். "மணியாச்சு, மிஷினைத் தொடைங்க" என்றார் டீச்சர். அந்தப் பெண் பையை எடுத்துக்கொண்டு யாருக்கும் காத்திராமல் போய்விட்டாள்.

மறுநாள் வர மாட்டாள் என்றே நினைத்தேன். எல்லோரும் வந்து உட்கார்ந்தும் அவளைக் காணோம். பெரியக்கா வாசலைப் பார்ப்பதும் துணியைப் பார்ப்பதுமாக இருந்தாள், ஊசியில் நூல்கூடக் கோர்க்கவில்லை. வெகுநேரம் கழித்து அந்தப் பெண் வந்தாள். என் பக்கத்தில் உட்கார்ந்ததும், "நேத்துப் பேச்சு அத்தைக்குத் தெரியுமா?" என்று காதோடு கேட்டேன்.

"நானே சொல்லிட்டேன். ஊருக்குப் போறியா, படிக்கிறியான்னு கேட்டுச்சு. படிக்கிறேன்னேன். அப்பப் போயி மொதல்ல காஜாவைப் படின்னு வெரட்டிருச்சு."

அன்று நான் கதையை எடுக்கவில்லை. எனக்குத் துணிச்சல் இல்லை. மிஷின் சத்தம் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. கடைசியில் பெரியக்காதான் தொண்டையைச் செருமினாள். என்னைக் கேட்கவில்லை, நேராக அவளைக் கேட்டாள்.

"ஏத்தா, கப்பக்காரி இப்ப எங்க போறா?"

அவள் நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள்.

"தெரியலக்கா" என்றாள். "போய்த்தான் பாக்கணும்."