ஏழாவது வளைவு

பெடல் மிதிப்பதை நிறுத்திய கணத்தில் சைக்கிளின் பின்சில்லு பேசத் தொடங்கும். டிக் டிக் டிக் என்று, யாரோ பல்லிடுக்கில் நாக்கைத் தட்டுவதுபோல. றேஸ் சைக்கிளில் அந்தச் சத்தம் இன்னும் கூர்மை. எங்கள் வீட்டு ஒழுங்கையில், அந்த ஒடுங்கிய தெருவில், காலை ஆறரைக்கு அது கேட்கும். கேட்டதும் நான் முற்றத்துக் கதிரையிலிருந்து எழுந்து அறைக்குள் போய்விடுவேன். ஆஸ்பத்திரியிலிருந்து வந்து நான்கு மாதம் இப்படித்தான் இருந்தேன். நோயாளிக்கு இளவெயிலும் ஆகவில்லை என்று வீட்டில் நினைத்தார்கள். நான் ஒளித்துக்கொண்டிருந்தேன்.

மாரடைப்பு வந்தவர்களும் அவர்களைப் பார்ப்பவர்களும் வாசிப்பார்கள் என்று நினைத்து இதை எழுதுகிறேன். மருந்தைப் பற்றி உங்கள் வைத்தியர் என்னைவிட நன்றாகச் சொல்வார். நெஞ்சு நோகிறபோது ஒரு மனிதன் சொல்லும் பொய்களைப் பற்றி அவர் சொல்லமாட்டார். அது எனக்குத் தெரியும்.

வவுனியாவிலிருந்து செட்டிகுளம் போகும் பக்கத்தில் எங்கள் வீடு. நீர்ப்பாசனப் பகுதியில் வேலை. வாய்க்கால்களுக்கு மட்டம் பிடிப்பேன். நூறு அடிக்கு ஓர் அங்குலம் சரிந்தால் எங்கள் தண்ணீருக்குப் போதும், வயல் வரைக்கும் ஓடிவிடும். இந்த மண்ணில் ஏற்றம் என்று சொல்லக்கூடியது குளக்கட்டு மட்டும்தான். ஐம்பது வயது வரை என் நெஞ்சு அறிந்த உயரமும் அதுதான்.

செல்வராஜ் எங்கள் குளத்துத் துருசுக்குப் பொறுப்பானவர். அந்த மதகால் தண்ணீரைத் திறந்து மூடுகிறவர். என்னைவிட ஐந்து வயது மூத்தவர். அவருடைய தாயும் தகப்பனும் மலையகத் தேயிலைத் தோட்டமொன்றிலிருந்து, இனக்கலவரத்தில் அடி வாங்கி, அவரைத் தாய் வயிற்றில் சுமந்தபடி வன்னிக்கு வந்தவர்கள். நான் யாழ்ப்பாணத்திலிருந்து வந்து காணி பெற்ற குடும்பம். அவர் என்னைச் சேர் என்பார். நான் அவரை நீ என்பேன். இருபது வருடம் அது எனக்கு உறுத்தவில்லை. எங்கள் வீட்டுக் குசினி வரைக்கும் அவர் வருவார்; அவர் வீட்டில் நாங்கள் ஒரு வாய் தேத்தண்ணி குடித்ததில்லை. அதுவும் உறுத்தவில்லை.

எங்களைச் சேர்த்தது சைக்கிள். வெளிநாட்டில் பாவித்துக் கழித்த இரண்டு றேஸ் சைக்கிள்களை அவர்தான் தேடிப்பிடித்து, சில்லு நிமிர்த்தி, கியர் பூட்டி ஓடவைத்தார். விடியக் கண்டி வீதியில் தெற்கே ஓடித் திரும்புவோம். தென்மேற்கிலிருந்து சோளகக் காற்று எதிரே அடிக்கும் மாதங்களில் தலையைக் குனிந்து, பாரமான கியரைப் போட்டு, மூச்சைக் கடித்துக்கொண்டு மிதிப்போம். காற்று எப்படியும் ஓரிடத்தில் களைத்துவிடும். அந்த இடம் வரைக்கும் விடாமல் மிதித்தால் வெற்றி. சமநிலத்துக்காரன் படித்த பாடம் அவ்வளவுதான்.

ஒருநாள் செல்வராஜ் சொன்னார், "சேர், ஒருக்கா அம்மா பிறந்த தோட்டத்தைப் பாக்கோணும். கீழ இருந்து பதினொரு வளைவு, மேல கோயில் மரம், அதுக்குப் பக்கத்தில அவை இருந்த லய வீடு எண்டு அவா சாகும்வரைக்கும் சொன்னவா."

"பஸ்ஸில போறதே?" என்றேன். "சைக்கிளில ஏறுவம்."

அவர் பார்க்க விரும்பியது ஓர் இடம். அதை நான் பந்தயமாக்கினேன்.

பொல்காவலையில் ரயில் மாறிப் போனோம். மலையடிவாரத்துச் சிறு பட்டணத்தில் இறங்கி, காலை எட்டு மணிக்கு மிதிக்கத் தொடங்கினோம். முதல் வளைவு சுகமாக இருந்தது. இரண்டாவதில் தொடை எரிந்தது. நான் காற்றோடு மல்லுக்கட்டும் அதே பாரமான கியரில் தலையைக் குனிந்து ஏறினேன், இதோ களைத்துவிடும், இதோ களைத்துவிடும் என்று. மலை களைக்கவில்லை. நான் காற்றைத்தான் மிதித்துக்கொண்டிருந்தேன். அடியில் இருந்தது கல்.

மூன்றாவது வளைவில் இடது தாடை நொந்தது. பல்வலிபோல. பிறகு நடு நெஞ்சில் ஈரமண் மூட்டையை யாரோ மெல்ல இறக்கி வைத்ததுபோல ஒரு பாரம். குத்தவில்லை, வெட்டவில்லை. மாரடைப்பு என்றால் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழவேண்டும் என்று நினைத்திருக்கும் உங்களுக்காக இதை இவ்வளவு விரிவாகச் சொல்கிறேன்.

அங்கே ஒரு பெட்டிக்கடை. கொழுந்து பறிக்கும் வேலையிலிருந்து ஓய்ந்த அம்மா ஒருவர் வைத்திருந்தார். வாய்வு என்று சொல்லி இஞ்சிச் சோடா வாங்கிக் குடித்தேன். ஏப்பம் வந்தது. பாரம் ஒரு பிடி குறைந்தது. அந்த ஏப்பத்தை நம்பினேன். எங்கள் பக்கத்தில் எத்தனையோ பேர் அதை நம்பியே போய்ச் சேர்ந்திருக்கிறார்கள்.

செல்வராஜ் என் முகத்தைப் பார்த்தபடி நின்றார். "சேர், வேர்க்கிற விதம் சரியில்ல. இறங்கி நடப்பம். இல்லாட்டித் திரும்புவம்."

"உனக்கு ஏலாட்டில் நட."

"எனக்கு ஏலும். உங்களுக்குத்தான் சொல்றன்."

அப்போது நான் சொன்னதை எழுத்தில் வைக்கக் கை கூசுகிறது. வைக்காவிட்டால் இந்தக் கட்டுரைக்கு வேலையில்லை. "மலைச் சனத்துக்கே மலை ஏறத் தெரியாட்டில் வேற ஆருக்குத் தெரியும்? நடந்து வா, கொழுந்துக் கூடையையும் முதுகில போட்டுக்கொண்டு."

சொல்லிவிட்டுச் சிரித்தேன். கடைக்கார அம்மா சோடாப் போத்தலைத் துடைத்துக்கொண்டிருந்தார். துணி நின்றது. பிறகு மறுபடி துடைத்தார்.  செல்வராஜ் சைக்கிளை எடுத்து என் பின்னால் ஏறினார், முந்தாமல், ஒரு சில்லு தூரம் விட்டு. நான் விழுந்தால் பிடிப்பதற்கு அந்தத் தூரம் வேண்டியிருந்தது என்பது எனக்குப் பிறகுதான் விளங்கியது.

ஏழாவது வளைவில் விழுந்தேன். தார் வீதி முகத்துக்குக் கிட்ட வந்தது ஞாபகம். தண்ணீர்ப் போத்தல் கழன்று பள்ளத்தில் உருண்டது ஞாபகம். என் பின்சில்லு வெறுமனே சுற்றிக்கொண்டு டிக் டிக் என்றது, நிறுத்த ஆளில்லாமல்.

அவர் ஓட்டோ ஒன்றை மறித்தார். வழி முழுக்க என் தலை அவர் மடியில் இருந்தது. மேலே நான்கு வளைவு மிச்சம். அவர் ஒருமுறைகூட மேலே திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்தாரா என்று நான் கவனித்தேன் என்பதுதான் விசித்திரம்.

அந்தப் பட்டணத்து ஆஸ்பத்திரியில் ஈ.சி.ஜி. (இதயத்தின் மின்துடிப்பைக் கோடாக வரையும் சோதனை) எடுத்த இளம் வைத்தியர் கேட்டார், "நோ எத்தினை மணிக்குத் தொடங்கினது?"

"இப்பதான்," என்றேன்.

"இல்லை டொக்டர்," என்றார் கட்டிலின் மறுபக்கத்திலிருந்து செல்வராஜ். "எட்டே முக்கால். மூணாவது வளைவு. நான் மணி பாத்தனான்."

வைத்தியர் என் பக்கம் திரும்பவேயில்லை. அவரைப் பார்த்து எழுதினார். அடைப்பைக் கரைக்கும் ஊசி போடுவதா என்பதை அந்த நேரத்தை வைத்துத்தான் தீர்மானிப்பார்களாம். வெட்கத்துக்காக நான் மறைத்த நேரத்தை அவர் மீட்டுக் கொடுத்தார். உங்களிடம் யாராவது நேரம் கேட்டால், உள்ளதைச் சொல்லுங்கள். எவ்வளவு மடத்தனமாகத் தோன்றினாலும்.

மறுநாள் மனைவி வந்து சேர்ந்தா. இரவெல்லாம் பஸ்ஸில் இருந்த முகம். கையைப் பிடித்துக்கொண்டு அழுதா. அழுது முடிய வந்தது கோபம்.

"ஆர் உங்களை இந்த வயசில மலை ஏறச் சொன்னது?"

கட்டிலில் கிடப்பவனை யாரும் ஏசமாட்டார்கள் என்று தெரிந்தும் எனக்குப் பயமாக இருந்தது. "செல்வராஜ்தான்," என்றேன். "தாயின்ர ஊர் பாக்கோணும் எண்டு ஒரே ஆய்க்கினை."

தாயின் ஊர் உண்மை. பார்க்க ஆசைப்பட்டது உண்மை. இரண்டு உண்மையை அடுக்கி ஒரு பொய் கட்டினேன்.

அவா வெளியே போனா. திரைச்சீலைக்கு அப்பால் நடைபாதையில் சத்தம் கேட்டது. "உங்கட ஊர் பாக்க என்ர மனிசனையோ பலி குடுக்க வந்தனீங்கள்? மனிசத்தன்மை இருக்கோ?" நோயாளிகளும் தாதிமாரும் கேட்டிருப்பார்கள். செல்வராஜ் மெல்லச் சொன்னார்: "ஓம் அக்கா. என்ர பிழைதான்."

எழுந்து போக எனக்கு ஏலாது. ஆனால் கூப்பிட ஏலும். குரல் இருந்தது. நான் கண்ணை மூடி நித்திரைபோலக் கிடந்தேன். தலைமாட்டில் இயந்திரம் என் துடிப்பை ஒவ்வொன்றாக எண்ணியது.

பிறகு நடந்தவை பலரும் அறிந்தவை. பெரிய ஆஸ்பத்திரி ஒன்றில் அஞ்சியோகிராம் (மணிக்கட்டு வழியே மெல்லிய குழாயைச் செலுத்தி இதயக் குழாய்களைப் படமெடுத்தல்). ஒரு ஸ்டென்ட் (அடைபட்ட குழாயைத் திறந்து வைத்திருக்கும் சிறு கம்பிவலைச் சுருள்). குருதி உறையாதிருக்கக் குளிசைகள். திரையில் என் இதயக் குழாயைக் காட்டினார்கள். தூர்ந்துபோன கிளை வாய்க்கால் போலிருந்தது. இத்தனை வருடம் ஊருக்கு மட்டம் பிடித்தவன், எனக்குள்ளே மண் சேர்ந்ததைப் பார்க்கவில்லை.

வவுனியா கிளினிக்கில் வைத்தியப் பெண்மணி சொன்னா, "முதல் சமதரையில நடவுங்கோ. ரெண்டு மாசத்தால கொஞ்சம் ஏத்தம். உங்கட பக்கம் ஏத்தம் இருக்கோ?"

"குளக்கட்டு இருக்கு, டொக்டர்."

"அது காணும். தினமும் ஒருக்கா ஏறி இறங்குங்கோ."

குளக்கட்டில் துருசு இருக்கிறது. துருசில் செல்வராஜ் இருப்பார். அதனால் நான் ஏறவில்லை. அடுத்த கிளினிக்கில் "ஏறுறனான்" என்றேன். அதற்கடுத்ததிலும் சொன்னேன். வீட்டிலும் அதையே சொன்னேன். நடக்கப் புறப்பட்டு, வாய்க்கால் கரையில் மருத மரத்தடியில் அரைமணி உட்கார்ந்து திரும்புவேன். சைக்கிள் சத்தம் கேட்டால் மரத்துக்கு மறுபக்கம் நகர்வேன். மரமும் நானும் வெயிலைப் பார்த்துச் சுற்றினோம்.

ஒருநாள் மனைவி படியில் கிடந்த என் செருப்பைத் தூக்கிப் பார்த்தா. மழை விட்டு இரண்டு நாள். குளக்கட்டில் சிவந்த களிமண்.

"கட்டில ஏறினீங்களோ?"

"ஓம்."

"பறந்தோ ஏறினீங்கள்? ஒரு பொட்டுக் களி இல்லை."

நான் படியில் இருந்தேன். மூன்றாவது வளைவிலிருந்து தொடங்கிச் சொன்னேன். சோடா, ஏப்பம், கூடைக் கதை, வைத்தியரிடம் மறைத்த நேரம், திரைச்சீலைக்குப் பின்னால் மூடிய கண். அவா செருப்பைக் கையில் வைத்தபடியே கேட்டா. முடிவில் ஒன்றுதான் சொன்னா: "அத்தினை பேருக்கு முன்னால அந்த மனிசனை வாங்கு வாங்கெண்டு வாங்கினன். நீங்கள் கேட்டுக்கொண்டு படுத்திருந்தனீங்கள்."

அன்று பின்னேரமே அவா செல்வராஜ் வீட்டுக்குப் போனா. என்னைக் கூப்பிடவில்லை. ஒரு மணித்தியாலம் கழித்துத்தான் வந்தா.

"என்ன சொன்னவர்?"

"இருக்கச் சொன்னவர். தேத்தண்ணி தந்தவை. குடிச்சனான்."

"என்னைப் பற்றி?"

"ஒண்டும் கேக்கேல்லை."

அந்த 'ஒண்டும்' என்ற சொல்லோடு நான் இரண்டு நாள் இருந்தேன். மூன்றாம் நாள் காலை குளக்கட்டடிக்குப் போனேன்.

நான் அளந்த கட்டு அது. அதன் சரிவு என் கொப்பியில் இலக்கமாக இருக்கிறது. அந்த இலக்கத்தில் கால் வைத்தபோது, நான் அளந்தது மண்ணை மட்டுந்தான் என்று தெரிந்தது. பத்து அடி வைத்தேன், நின்றேன். கழுத்து நரம்பில் விரலை வைத்துத் துடிப்பை எண்ணினேன். முன்பு நேரம் எனக்கு வெளியே ஓடியது. பஸ்ஸும் அலுவலகமும் அதை வைத்திருந்தன. இப்போது அது என் தோலுக்கு அடியில், விரலுக்குத் தெரியும்படி, துளித் துளியாகக் கசிகிறது. உடம்பை இனி ஓட்டிப்போக முடியாது. அது நின்றால் நிற்கவேண்டும். அது விட்டால் நடக்கவேண்டும். இந்த வயதில் யாருக்கோ வழிவிட்டு நடக்கப் பழகினேன், அந்த யாரோ என் நெஞ்சு.

மேலே போனபோது செல்வராஜ் துருசுச் சுவரில் சைக்கிளைச் சாத்திவைத்துச் சங்கிலிக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தார். நிமிர்ந்து பார்த்தார். நான் மூச்சு வாங்கி முடியும்வரை காத்திருந்தார்.

"செல்வராஜ் அண்ணை," என்றேன். "நான் உங்களைப் பற்றி மனிசியிட்டப் பொய் சொன்னனான். மலையில சொன்னதும் பிழை."

"அக்கா சொன்னவா." துணியில் கையைத் துடைத்தார். "பொய் சொன்னது பரவாயில்ல சேர். ஆஸ்பத்திரியில ஆரும் பயத்தில சொல்லுவினம். அந்தக் கூடைக் கதைதான்." கொஞ்சம் நிறுத்தினார். "எங்கட அம்மாட உச்சந்தலையில கூடைக் கயிறு வெட்டின தழும்பு சாகும்வரைக்கும் இருந்தது. நீங்கள் சொல்லேக்க அந்தக் கடைக்காரம்மாவைப் பாத்தன். அவவுக்கும் இருக்கும்."

 குளம் நிறைந்திருந்தது. காற்றில்லை.

"நாளைக்கு லீவு," என்றார் அவர். "காலமை ரயிலில போறன். மிச்ச நாலு வளைவு கிடக்கு."

"நானும் வரட்டோ?" என்றேன். "ஏற மாட்டன். கீழ நிப்பன்."

அவர் சைக்கிளில் ஏறி ஒரு காலைத் தரையில் ஊன்றியபடி, கோபமில்லாமல், ஏறக்குறையச் சிரித்தபடி என்னைப் பார்த்தார்.

"வேண்டாம் சேர். இந்த முறை வழியில ஆரும் விழக்கூடாது."