ஐம்பத்தொன்பதாவது மணி

எங்கள் சமஸ்தானம் இந்தியாவோடு சேர்ந்து நாலைந்து வருடம் இருக்கும். கீரனூருக்குத் தெற்கே எங்கள் வீடு. முதல் பிள்ளை எட்டாம் நாளே, ஞானஸ்நானம் கொடுக்கும் முன்பே போய்விட்டது. அடுத்துப் பிறந்தவள் இவள். வருகிற ஞாயிற்றுக்கிழமை ஞானஸ்நானத்துக்குக் கோயிலுக்குத் தூக்கிப் போவதாக இருந்தோம். அதுவரைக்குமாவது விட்டு வையும் ஆண்டவரே என்றுதான் என் செபமெல்லாம்.

தூளியை நானே கட்டினேன். மனைவி படுக்கும் கட்டிலிலிருந்து கை நீட்டினால் எட்ட வேண்டும்; விழுந்தாலும் அடிபடாதபடி தரையோடு தாழ்ந்திருக்க வேண்டும். விட்டத்தைத் தட்டிப் பார்த்தேன், கறையான் இல்லை. புதுக் கயிறு போட்டேன். சேலை மூடிக்கொண்டு முகத்தில் விழாமலிருக்கக் குறுக்கே ஒரு கம்பு கொடுத்தேன். அம்மிக் குழவியை உள்ளே வைத்து ஆட்டி ஆட்டிப் பார்த்தேன்.

"அதுக்கு ஒரு தாலாட்டும் பாடிருங்க," என்றாள் மனைவி. பிரசவத்துக்குப் பிறகு அவள் சிரித்தது அன்றைக்குத்தான்.

அதோடு நான் விட்டிருக்கலாம். பங்குச் சாமியார் மந்திரித்துக் கொடுத்த என் செபமாலையையும் அந்தக் கம்பில் தொங்கவிட்டேன். பிள்ளைக்கு மாதா துணை இருக்கட்டும் என்று.

மூன்றாம் நாள் காலை மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தேன். மனைவி பிள்ளையை ஆட்டித் தூங்கவைத்துவிட்டுக் கொல்லைப்பக்கம் போயிருந்தாள். உள்ளே இருமல் போல ஒரு சத்தம். ஓடிப் பார்த்தால், ஆட்டிய ஆட்டத்தில் மாலை நழுவிப் பிள்ளையின் தாடைக்கடியில் கிடக்கிறது. அதன் மறுபக்கம் அவள் கையில் சிக்கியிருக்கிறது. கையை உதற உதற நூல் இறுகுகிறது. ஒரே இழுப்பில் அறுத்தேன். பிள்ளை வீரிட்டு அழுதது. மணிகள் தூளியிலும் தரையிலும் சிதறின.

மனைவி ஓடி வந்து பிள்ளையை எடுத்துக்கொண்டாள். மாலையில் மொத்தம் ஐம்பத்தொன்பது மணி. நான் பொறுக்கி எண்ணினேன். ஐம்பத்தெட்டு. மறுபடி எண்ணினேன். அதே ஐம்பத்தெட்டு.

"ஏங்க, வாயில போயிருக்குமோ?" என்றாள்.

வாய்க்குள் விரலை விட்டுத் துழாவினேன். ஒன்றும் தட்டுப்படவில்லை. தொண்டைக்குள் இறங்கியிருந்தால்? சேலையை உதறினேன், கட்டிலைப் புரட்டினேன். முதல் பிள்ளையைப் புதைத்த இடம் கண்முன் வந்து நின்றது. பிள்ளைக்கு நான் கேட்ட காவல் இதுதானா என்று மாதா மேல் கோபம் வந்தது. மணி போயிருந்தால் பாலும் இறங்காது என்று மனைவி பால் கொடுத்துப் பார்த்தாள். குடித்தது. கடைவாயில் வழிந்த பாலைத் துடைக்கப் போனவள் பிள்ளையின் தாடையை நிமிர்த்தினாள்.

"இங்க பாருங்க."

கழுத்து மடிப்புக்குள் ஒட்டிக்கொண்டிருந்தது அந்த மணி. எடுத்த இடம் சிவந்திருந்தது.

மாலையை எடுத்துவிட்டால் பிள்ளைக்குக் காவல் யார் என்று அவள் கேட்பாள் என எதிர்பார்த்தேன். கேட்கவில்லை. "மாலையக் கோத்து, செவுத்துல எட்டாத எடத்துல மாட்டுங்க," என்றாள். அப்படியே செய்தேன்.

ஞாயிறன்று பிள்ளைக்கு ஞானஸ்நானம் ஆயிற்று. அதற்கு முன் நான் சாமியாரிடம் பாவங்களைச் சொல்லிப் பாவசங்கீர்த்தனம் செய்தேன். மந்திரித்த மாலையை அறுத்ததைச் சொன்னேன். மாதா மேல் கோபப்பட்டதைச் சொல்ல வாய் வரவில்லை. மாலையை அந்தக் கம்பில் மாட்டியது மாதா இல்லையே, நான்தானே.