மரீனுஸ் அழிக்க மறுத்த கோடு

ஸீரிக்ஸே ஊரில் மரீனுஸைத் தெரியாதவர்கள் இல்லை. தெரிந்ததனாலேயே பலர் அவரைக் கண்டதும் எதிர்ப்பக்க நடைபாதைக்கு மாறிவிடுவார்கள். நின்று பேசினால் போதும், உங்கள் தோட்டத்தில் ஏன் தண்ணீர் தேங்குகிறது என்று அரைமணி நேரம் விளக்குவார். நீர் வாரியத்தில் இருபத்தைந்து வருடமாக வரைபடம் வரைகிறவர். கடல் மட்டத்துக்குக் கீழே குடியிருக்கும் ஊரில் அந்த வேலைக்கு மரியாதை உண்டு. உட்கார்ந்து கேட்கத்தான் ஆள் கிடையாது.

அப்படிப்பட்டவர் கையில் போய் ஒரு மாய நாட்டை ஒப்படைத்தாள் யோலண்டா. அதே தெருக்காரி. டிராகன், சூனியக்காரி, காணாமல் போன இளவரசி என்று பிள்ளைகளுக்கு எழுதிப் பேர் வாங்கியவள். புத்தகத்தின் முதல் பக்கத்தில் போட ஒரு வரைபடம் கேட்டாள். மூன்றாம் நாள் படம் வரவில்லை, புகார் வந்தது. அவளுடைய ஆறு மலை மேல் ஏறுகிறதாம். தலைநகரம் முதல் மழைக்கே மூழ்கிவிடுமாம். குகையில் ஈரம் அதிகம், நெருப்புக் கக்கும் பிராணிக்கு அந்த இடம் தோதுப்படாதாம். யோலண்டா பல்லைக் கடித்துக்கொண்டு ஆற்றைத் திருப்பினாள், தலைநகரை மேட்டுக்கு ஏற்றினாள். படத்தில் கேட்காமலே பதினான்கு காற்றாலைகளும் வந்து சேர்ந்தன, தண்ணீர் இறைக்க. பிள்ளைகளுக்கு அவற்றைத்தான் ரொம்பப் பிடித்திருந்தது என்பதில் அவளுக்குக் கொஞ்சம் மனத்தாங்கல்.

மூன்றாவது புத்தகத்தில்தான் வந்தது வினை. சூனியக்காரி கடலோர மண்கரையை உடைக்கிறாள், வெள்ளம் புகுந்து ஊரே அழிகிறது, இளவரசி மட்டும் மிஞ்சுகிறாள். கதையின் உச்சமே அதுதான். மரீனுஸ் கொடுத்த படத்திலோ, உடைகிற கரைக்கும் ஊருக்கும் நடுவே இன்னொரு கரை நீளமாகப் படுத்துக் கிடந்தது. கடலைப் பார்த்து நிற்பதைக் காவல் கரை என்றும், அதன் பின்னால் இருப்பதைத் தூங்கும் கரை என்றும் எங்கள் பக்கம் சொல்வோம். முன்னது போனால் பின்னது தாங்கும். அப்படி ஒன்று இருக்கும்போது ஊர் எப்படி மூழ்கும்?

சனிக்கிழமை காலையில் யோலண்டா படத்தைச் சுருட்டிக்கொண்டு வந்துவிட்டாள். திங்கட்கிழமை அது அச்சுக்குப் போக வேண்டும். மரீனுஸின் மனைவி கோரி காப்பி ஊற்றி, ஆளுக்கு ஒரு பிஸ்கட் கொடுத்து, டப்பாவை மூடினாள்.

"மரீனுஸ், இந்தக் கோட்டை அழிச்சிடுங்க."

"முடியாது."

"என் நாடுங்க அது!"

"நாடு உன்னோடது. தண்ணி யார் பேச்சையும் கேக்காது."

"கதைன்னா யாராவது சாகணும். இல்லேன்னா பிள்ளைங்க எதுக்குப் பக்கத்தைப் புரட்டணும்?"

"ஒரு டிராகனைக் கொல்லு. நான் ஏன்னு கேக்க மாட்டேன்."

கோரிக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. "முதல் தடவை எங்க அப்பா அம்மாவைப் பார்க்க வந்த அன்னைக்கே எங்க வீட்டு மாடியை அளந்த ஆளும்மா இவர். வெள்ளம் வந்தா எத்தனை பேர் நிக்கலாம்னு. இவர்கிட்ட வந்து ஊரை மூழ்கடிக்கச் சொல்றியே!"

யோலண்டாவும் சிரித்தாள். சிரித்தபடியே ரப்பரை எடுத்து அவளே அழிக்கப் போனாள். மரீனுஸ் படத்தின் மேல் உள்ளங்கையை வைத்து அமுக்கினார்.

"அந்த ஊர்ல எத்தனை பேர் இருக்காங்க?"

"எழுபது பேர்னு வெச்சுக்குங்க. பேர்கூட வைக்கல, சும்மா ஜனங்க."

"லேனாவுக்கு நாலு வயசு," என்றார் மரீனுஸ். "என் தங்கச்சி. நனைஞ்ச துணியோட, குளிர்ல, ராத்திரி முழுக்கக் கூரை மேல உக்காந்திருந்தோம். எங்க ஊருக்கு ரெண்டாவது கரை இல்ல."

அவ்வளவுதான் சொன்னார். கட்டிக்கொண்டு வந்த இருபத்திரண்டு வருடத்தில் அந்தப் பெயரை அவர் வாயால் கோரி கேட்டது இது மூன்றாவது தடவை. கடல் கரையை உடைத்துப் புகுந்த, ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்து மூன்றாம் வருட வெள்ளத்தில் இந்தப் பக்கத்தில் யாரையும் பறிகொடுக்காத வீடு குறைவு என்று யோலண்டாவுக்குத் தெரியும். யாரை என்று மட்டும் அவள் ஒருவரிடமும் கேட்டதில்லை. வெட்கமாக இருந்தது அவளுக்கு. ரப்பரைக் கீழே வைத்தாள்.

படம் அப்படியே அச்சுக்குப் போனது. கதையை முடிக்க யோலண்டாவுக்கு இன்னும் இரண்டு மாதம் அவகாசம் இருந்தது. ஆறாவது வாரம் புது அத்தியாயத்தை மரீனுஸிடம் நீட்டினாள். பென்சிலைச் சீவி வைத்துக்கொண்டு அவர் கோரிக்கு உரக்கப் படித்தார். காவல் கரை உடைகிறது. ஜனங்கள் தூங்கும் கரைக்கு ஓடுகிறார்கள். கடைசி ஆளாக, ஒரு சின்னப் பெண்ணைத் தோளில் தூக்கிக்கொண்டு இளவரசி கரை ஏறுகிறாள். குழந்தைக்கு நனைந்தது காலுறை மட்டும். அந்த வரியை மரீனுஸ் இரண்டு தரம் படித்தார். பிறகு பென்சிலை எடுத்தார்.

தூங்கும் கரையில் வெள்ளத்தை அடைக்க இருந்த கதவு தப்பான பக்கம் திறப்பதாக யோலண்டா எழுதியிருந்தாள். தண்ணீரின் முதல் தள்ளலுக்கே அது பிய்த்துக்கொண்டு போகும். வேறு நாளாக இருந்தால் அதற்கே நாலு பக்கம் எழுதியிருப்பார். அன்றைக்கு அது அவர் கண்ணில் படவே இல்லை. ஓரத்தில் அலுவலகக் கையெழுத்தில் ஒரே ஒரு குறிப்பு எழுதினார்: "குழந்தையின் காலுறை ஈரமாக உள்ளது. மாற்றுவதற்கு ஆள் இல்லை. கவனிக்கவும்."

அச்சான புத்தகத்தில் கதவு இன்றும் தப்பாகத்தான் திறக்கிறது. ஆனால் இளவரசி கரை ஏறியதும், உலர்ந்த கம்பளிக் காலுறையோடு ஒரு பெண் ஓடிவருகிறாள்.