மேற்கு வரிசைக்கு மட்டும் கையுறை

கையுறை யாரைக் காப்பதற்காக அணியப்படுகிறது? அணிகிறவரையா, அவர் தொடுகிறவரையா? பி.ஏ. வரை படித்திருந்தும் இக்கேள்வி எனக்கு எந்தப் புத்தகத்திலிருந்தும் எழவில்லை. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் நடுவே, செல்லூருக்கு அருகில் இருந்த ஒரு சிறிய தர்ம ஆஸ்பத்திரியில், நோயாளி ஒருவருக்கு வந்த கோபத்தினால் எழுந்தது.

பட்டம் பெற்றும் உத்தியோகம் கிடைக்காமல் அலைந்த காலம் அது. அந்த ஆஸ்பத்திரியில் தொண்டனாகச் சேர்ந்திருந்தேன். நோயாளிகளுக்குக் கடிதம் எழுதித் தருவதும் மருந்துச் சீட்டு எழுதுவதும் என் பொறுப்பு. சமூகத்துக்கு ஏதோ செய்கிறோம் என்ற நிறைவு முதல் மாதத்திலேயே தேய்ந்துவிட்டது. மிஞ்சியது கார்பாலிக் நெடியும் கால் வலியும்தான்.

ஆண்கள் வார்டில் எதிரெதிராக இரண்டு வரிசைக் கட்டில்கள். கிழக்கில் நகரவாசிகள், மேற்கில் சேரிகளிலிருந்து வந்தவர்கள். அப்படி ஒரு விதி எங்கும் எழுதப்பட்டிருக்கவில்லை, எழுதாமலே நடந்தது. புண்களுக்குக் கட்டுப் போடும் டிரெஸ்ஸர் ஐம்பதைத் தாண்டியவர், ஆசாரம் மிக்கவர். எவரையும் கடிந்து ஒரு சொல் பேசியதில்லை. முன்பெல்லாம் ஒவ்வொருவரையும் தொட்டபின் முழங்கை வரை சோப்புப் போட்டுக் கழுவுவார். மேற்கு வரிசையில் இன்னும் அழுத்தித் தேய்ப்பார். பிறகு ஆபரேஷன் அறையில் தேய்ந்துபோன ரப்பர் கையுறை ஒரு ஜோடி அவர் கைக்கு வந்தது. அதை மேற்கு வரிசைக்கு மட்டும் அணிந்தார். முதல் கட்டிலில் மாட்டினால் கடைசிக் கட்டில் முடிந்த பிறகே கழற்றுவார்.

மேற்கு வரிசை நான்காம் கட்டிலில் திருவாதவூர்ப் பக்கத்து விவசாயக் கூலி ஒருவர் இருந்தார். வரப்பு வெட்டும்போது மண்வெட்டி பாதத்தில் இறங்கிவிட்டது. வந்த அன்று சுத்தமாக இருந்த காயம் சில நாளில் சீழ் கட்டியது. அதற்கு முந்தைய மூன்று கட்டில்களிலும் அப்படித்தான். "வெள்ளிக்கிழமைக்குள்ள சீழ் நிக்கலைன்னா கணுக்காலோட எடுத்துர வேண்டியதுதான்" என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

கட்டிலடியில் உட்கார்ந்திருந்த அவருடைய மனைவி என்னிடம் கேட்டாள்: "காலு போச்சுன்னா சேத்துல எப்பிடி சாமி நிப்பாரு?"

அவள் கணவரோ அந்த நிலையிலும் கேலி பேசுவதை விடவில்லை. ஒரு நாள் காலை, டிரெஸ்ஸர் அவர் காலில் கட்டுப் போட்டுக்கொண்டிருந்தபோது, பக்கத்துக் கட்டில்காரரிடம் வார்டே கேட்கும்படி சொன்னார்: "பாத்தியாண்ணே, பெரிய டாக்டரு மாதிரி உறை மாட்டிக் கட்டுறாக. எதுத்தாப்புல மொதலாளிமாருக்கெல்லாம் வெறுங்கைதான். இம்புட்டு மருவாதி நமக்கு எங்க கெடைக்கும்?"

எதிர்க்கட்டிலில் முதுகில் கட்டியோடு குப்புறப் படுத்திருந்த சேலை வியாபாரிக்கு அது சுருக்கென்று தைத்தது. மேற்கு வரிசை முடிந்து டிரெஸ்ஸர் கையுறையைக் கழற்றப் போனபோது தடுத்தார்.

"கழட்டாதய்யா. எனக்கும் உறையோடயே கட்டு."

"இது உங்களுக்கு ஆகாதுங்க, மொதலாளி."

"ஏன் ஆகாது? ரப்பருக்குப் பத்தியமா?"

கிழக்கு வரிசை சிரித்தது. டிரெஸ்ஸர் தலை குனிந்து நின்றார். அந்நேரம் உள்ளே வந்த டாக்டரும் காரணத்தைக் கேட்டார். டிரெஸ்ஸரின் கண்கள் மேற்கு வரிசைக்குப் போய்த் திரும்பின. உறை தீட்டுக்காகத்தான் என்பதை ஒவ்வொருவராகப் புரிந்துகொண்டோம். வியாபாரி முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார்.

"மருவாதின்னு நெனச்சேன்" என்றார் நான்காம் கட்டில்காரர். குரலில் கேலி இல்லை.

டாக்டர் கையுறையை வாங்கி விரல் இடுக்குகளில் ஒட்டியிருந்த சீழைப் பார்த்தார். "எந்தக் கட்டில்லருந்து மாட்டியிருக்கீர்?"

"மொதக் கட்டில்லருந்துங்க."

"நடுவுல கழுவினீரா?"

டிரெஸ்ஸர் உண்மையாகவே வியப்படைந்தார். "என் கையில எதுவும் படலையேங்க."

டாக்டர் அதைக் குப்பை வாளியில் போட்டார். "இனிமே ரெண்டு வரிசைக்கும் வெறுங்கைதான்."

மறுநாள் டிரெஸ்ஸர் வேலைக்கு வரமாட்டார் என்றே நினைத்தேன். வந்தார். மேற்கு வரிசை முதல் நோயாளிக்குக் கட்டுப் போட்டார். குழாயடிக்குப் போய் முழங்கை வரை தேய்த்துக் கழுவினார். இரண்டாமவரைத் தொட்டார், மறுபடியும் குழாயடி. கிருமியை நினைத்து அவர் கழுவவில்லை. தொட்ட தீட்டைக் கழுவினார். ஆயினும் அந்தத் தண்ணீரோடு இரண்டுமே போயின.

நான் இதை எடைபோட்டு எடைபோட்டுச் சலித்தேன். அவருடைய எண்ணம் தவறு என்று பேசி அவரை நாணச் செய்தால், அடுத்த நாளே கழுவுவதைக் குறைத்துவிடலாம். அதன் விலையைக் கட்டிலில் கிடப்பவர் கொடுப்பார். பேசாமலிருந்தால், கண்ணெதிரே நாள்தோறும் ஓர் அவமதிப்பு நடக்கும். அதற்கு நானும் உடந்தை. எந்தப் பக்கம் போனாலும் பாரம் என் தலையில் ஏறவில்லை என்பதுதான் என்னை அதிகம் உறுத்தியது. கடைசியில் நான்காம் கட்டில்காரரிடமே போய், டிரெஸ்ஸரிடம் பேசட்டுமா என்று கேட்டேன்.

அவர் குழாயடியைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "என்னத் தொட்டுட்டு என்னமா தேய்க்கிறாரு பாருங்க, தோலே உரிஞ்சுரும் போல." கட்டுப் போட்ட காலை மெல்ல நகர்த்திக்கொண்டு, "தேய்க்கட்டும் சாமி. எனக்குக் காலு வேணும்" என்றார்.

டிரெஸ்ஸரிடம் நான் பேசவில்லை.

வெள்ளிக்கிழமை டாக்டர் கட்டைப் பிரித்தபோது சீழ் முழுமையாக நின்றிருக்கவில்லை, ஆனால் குறைந்திருந்தது. இன்னும் ஒரு வாரம் பொறுக்கலாம் என்றார். முடிவில் இரண்டு விரல்களை மட்டும் எடுத்தார்கள். பாதம் தங்கியது. அந்த மனிதர் மனைவியின் தோளைப் பற்றிக்கொண்டு, நொண்டியபடி, தம் காலாலேயே வாசற்படி இறங்கினார்.

அதன்பின் அந்த வார்டில் எவரும் கையுறையோடு கட்டில் விட்டுக் கட்டில் போனதில்லை. ஒவ்வொரு நோயாளிக்குப் பின்னும் கை கழுவ வேண்டும் என்பது இரண்டு வரிசைக்கும் பொதுவான ஒழுங்காயிற்று. மேற்கு வரிசைப் புண்களும் மற்றவை போலவே ஆறின. கட்டில் வரிசைகள் மட்டும், நான் அங்கிருந்து விலகும் வரை, மாறவில்லை.