அந்தோணியின் மூன்றாவது துண்டு

ஞாயிற்றுக்கிழமை காலை சிராங்கூன் சாலையில் முருங்கைக்காய் பொறுக்கிக்கொண்டிருந்தேன். நம் கலவைப் பிரிவுக் குமார் பின்னால் வந்து, "அண்ணே, அந்தோணி அண்ணன் போயிட்டார்" என்றான். நான் திரும்பிக்கூடப் பார்க்காமல், "எந்தக் கம்பெனிக்கு?" என்று கேட்டேன்.

அந்தக் கேள்வியை நினைத்தால் இப்போதும் உடம்பு கூசுகிறது. பூசை முடிந்து பூன் லேயில் பஸ்ஸுக்கு நின்றவன், நின்ற இடத்திலேயே சரிந்துவிட்டானாம். நாற்பத்திரண்டு வயது. காய்ச்சல் என்று ஒரு நாள் லீவு போட்டவனில்லை. குமார் திரும்பத் திரும்பச் சொல்லியும் என் மண்டையில் ஏறவில்லை. பையைக் கடையிலேயே விட்டுவிட்டு எங்கோ நடந்திருக்கிறேன்.

இரங்கல் எழுதும்போது 'அவர்' என்றுதான் எழுதவேண்டும். பத்து வருடம் வாடா போடா என்று பேசியவனுக்கு அது வரமாட்டேன் என்கிறது. ஜூரோங்கில் எங்களோடு வேலை பார்த்த நீங்கள் பொறுத்துக்கொள்வீர்கள்.

கேபிள் இணைப்புகளுக்குப் போடும் உறைதான் எங்கள் தொழில் என்பது உங்களுக்குத் தெரியும். ரப்பரும் பாலித்தீனும் கலந்த உறை. சூடாக்கி இழுத்து ஆறவிட்டால் பாலித்தீன் இறுகி, இழுத்த அளவிலேயே நிற்கும். மறுபடி சூடு காட்டினால் பாலித்தீன் இளகிவிடும், ரப்பர் தன் பழைய அளவுக்குத் திரும்பும். பழைய அளவை ரப்பர் மறக்காமல் இருக்க, அதன் இழைகளுக்குள் முடிச்சுப் போடவேண்டும். அதுதான் வல்கனைஸ் செய்வது. சல்ஃபர் முடிச்சு சூட்டில் நழுவுகிறது, உறை பாதி சுருங்கி நின்றுவிடுகிறது என்று பெராக்சைடுக்கு மாறச் சொன்னேன் நான். பெராக்சைடு முடிச்சு நழுவாது. ஆனால் எங்கள் அடுப்பில் காற்றுப் பட்டு மேலெல்லாம் பிசுபிசுத்தது.

அந்தோணி ஒத்துக்கொள்ளவில்லை. "சல்ஃபர் மேல தப்பு இல்லடா, நாமதான் அள்ளிப் போடறோம். கொஞ்சமா போட்டு ஆக்சிலரேட்டரைக் கூட்டு. முடிச்சு சின்னதா விழும், நழுவாது" என்றான். ஆக்சிலரேட்டர் என்பது முடிச்சை வேகமாக விழவைக்கும் மருந்து.

அளவு விஷயத்தில் அவனை அசைக்க முடியாது. கோயில் திருவிழாவுக்குப் பிரியாணி செய்தபோது உப்பை லேப் தராசில் நிறுத்துக் கொண்டுபோனவன். சோதனைத் துண்டுகளில் டேப் ஒட்டித் தமிழில்தான் பெயர் எழுதுவான். மேலாளர் என்னவென்று கேட்டால், ரிசல்ட் வந்ததும் இங்கிலீஷில் சொல்கிறேன் என்று சிரிப்பான். அவரும் சிரித்துவிட்டுப் போய்விடுவார்.

வெள்ளிக்கிழமை மூன்று துண்டுகளைச் சூட்டில் இழுத்துக் கவ்வியில் பூட்டினோம். சல்ஃபர் அதிகமாய் ஒன்று, பெராக்சைடு ஒன்று. மூன்றாவது அவன் சொன்ன கலவை. எனக்கு என்ன கோபமோ, எல்லாருக்கும் முன்னால், "இது லேப்புடா, உன் சமையல்கட்டு இல்ல" என்றேன். குமார்கூடச் சிரித்தான். அந்தோணி சிரிக்கவில்லை. டேப்பில் ஏதோ எழுதி மூன்றாவதில் ஒட்டினான். "திங்கக்கிழமை பார்ப்போம் லா" என்று சொல்லிப் போய்விட்டான். சாங்கிப் பக்கம் ஒரு கம்பெனி அவனைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தது. என் பேச்சால் வேலையை விட்டுவிடுவானோ என்று இரண்டு நாளும் உறுத்தியது. அதனால்தான் அந்தப் பாழாய்ப்போன கேள்வி.

ஞாயிறு மாலை அவன் குடியிருந்த அடுக்குமாடிப் புளோக்கின் கீழே அவனைக் கிடத்தியிருந்தார்கள். அவன் மனைவி பிலோமினா என்னைப் பார்த்ததும், "அண்ணே, திங்கக்கிழமை என்ன? நேத்து முழுக்க அதையேதான் சொல்லிட்டிருந்தார்" என்று கேட்டார். வேலை விஷயம் என்று மழுப்பினேன்.

திங்கட்கிழமை நானும் குமாரும் சூடு காட்டினோம். முதல் துண்டு கொஞ்சம் சுருங்கி நின்றுவிட்டது. என்னுடையது திரும்பியது, ஆனால் விரலில் ஒட்டியது. மூன்றாவது முழுக்கத் திரும்பியது, மேலே காய்ந்து சுத்தமாக இருந்தது. மூன்று முறை அளந்தேன். அப்போதுதான் டேப்பைப் படித்தேன். 'சமையல்கட்டு' என்று எழுதியிருந்தான். குமார் வெளியே போய்விட்டான். நான் தராசுக்கு முன்னால் உட்கார்ந்து அழுதேன்.

மேலாளர் வந்து, அது என்ன எழுத்து என்று கேட்டார். ரிசல்ட் வந்துவிட்டது, சொல்லவேண்டியவன் இல்லை.

செவ்வாய்க்கிழமை, அடக்கம் முடிந்ததும் பிலோமினாவிடம் போய், "அவன் சொன்னதுதான் சரிம்மா" என்றேன்.

"அது அவருக்குத் தெரியும்ணே. நீங்க பார்க்கணும்னுதான் திங்கக்கிழமைக்குக் காத்திருந்தார்" என்றார்.

துண்டை அவன் பெயர் போட்ட அறிக்கையோடு மேலாளருக்கு அனுப்பிவிட்டேன். டேப்பை மட்டும் உரித்து என்னிடம் வைத்துக்கொண்டேன். பசை போய்விட்டது, எழுத்து இருக்கிறது. நீ சொன்னது சரிடா என்று அவனிடம் சொல்ல எனக்குத் தேவைப்பட்டது ஒரே ஒரு நாள்.