அம்மா தமக்கென்று கேட்ட மோர்க்களி

எங்கள் அம்மா மறைந்து ஓராண்டு நிறைகிறது. இந்த நினைவு மலரைக் கையில் வாங்கும் உங்களில் அநேகமாக எல்லோரும் அம்மா கையால் சாப்பிட்டவர்கள். அவருடைய வத்தக்குழம்பைப் பற்றியும் அடையைப் பற்றியும் நான் எழுதித் தெரிய வேண்டியதில்லை. அம்மாவுக்கு என்ன பிடிக்கும் என்பதைத்தான் எழுத நினைக்கிறேன். பெற்ற மகளாகிய எனக்கே அது அவருடைய கடைசிக் காலத்தில்தான் தெரிந்தது.

அம்மா பிறந்தது மயிலாப்பூரில், பல குடும்பங்கள் ஒரே குழாயடியைப் பங்கிட்டுக்கொண்ட ஓர் ஒண்டுக்குடித்தனத்தில். தாயைச் சிறு வயதிலேயே இழந்தவர். பள்ளிக்கூடம் கிளம்புமுன் வீட்டுக்குச் சமைத்து வைத்துவிட்டுப் போவாராம். தட்டச்சு கற்று, அடையாறில் ஓர் அலுவலகத்தில் வேலைக்குச் சேர்ந்தார். ஈக்காட்டுத்தாங்கலில் லேத் பட்டறை வைத்திருந்த அப்பாவை மணந்து மேற்கு மாம்பலம் வந்தார். என் தம்பிக்கு இரண்டு வயதில் மூச்சிரைப்பு முற்றியபோது வேலையை விட்டார். அதைப் பற்றி ஒரு நாளும் குறைப்பட்டதில்லை. ஆனால் குக்கர் விசிலுக்காகக் காத்து நிற்கும்போது அவருடைய விரல்கள் சமையல் மேடையில் தட்டச்சு செய்துகொண்டிருக்கும்.

யாருக்கு எப்போது எது வேண்டும் என்று அவருக்குத் தெரியும். எனக்குக் காய்ச்சல் என்றால் மிளகு ரசமும் குழைந்த சோறும். பட்டறையில் மெஷின் மக்கர் செய்து அப்பா முகம் கறுத்து வந்தால் சுடச்சுட அடையும் வெண்ணெயும். தம்பி பரீட்சையில் தோற்று வந்த அன்று கேசரி கிண்டிக் கொடுத்தார். "பாஸானா எல்லாரும் ஸ்வீட் குடுப்பாங்க. இன்னைக்குத்தான்டா உனக்கு வேணும்" என்றார்.

அப்படிப்பட்டவர் ஒரு நாள் காலை காபி ஆற்றிக்கொண்டிருக்கும்போதே சரிந்து விழுந்தார். பக்கவாதம். வலக்கையும் வலக்காலும் போயின. பேச்சும் போயிற்று. மிஞ்சியது ஒரே ஒரு சொல்: "அப்புறம்." தண்ணீர் வேண்டுமென்றாலும் அப்புறம். வலித்தாலும் அப்புறம். கோபத்தில் அதையே உரக்கக் கத்துவார்.

"அவங்களுக்கு எல்லாமே புரியுதும்மா. சொல்ல வேண்டியது உள்ளதான் இருக்கு, வெளிய வர வழி அடைஞ்சிபோச்சு" என்றார் மருத்துவர். எனக்கு ஆறுதலாக இருக்கட்டும் என்றுதான் சொன்னார். எனக்கோ அதைக் கேட்டபிறகு அம்மாவின் கண்களைப் பார்க்கவே பயமாக இருந்தது.

எங்கள் வீடு இரண்டாவது மாடி. லிஃப்ட் கிடையாது. கட்டிலுக்குப் பக்கத்து ஜன்னலைத் திறந்தால் அடுத்த கட்டடத்தின் சுவர். சக்கர நாற்காலி கூடம் வரை போகும். சமையலறை வாசலில் முட்டி நின்றுவிடும். உள்ளே யாரோ கடுகு தாளிக்க, வாசலில் அம்மா உட்கார்ந்திருப்பார். வாசல் நிலையில் முட்டிய அந்த இடத்திலேயே சக்கரத்தை இடக்கையால் உந்தி உந்திப் பார்ப்பார்.

சாப்பாடும் குறைந்தது. அவரிடம் கற்ற ரசத்தை வைத்துக் கொடுத்தேன். ஒரு வாய் வாங்கிக்கொண்டு முகத்தைத் திருப்பினார். இட்லி, கஞ்சி, பருப்புச் சாதம், எதுவும் இறங்கவில்லை. "என்னம்மா வேணும், சொல்லும்மா" என்று கேட்டுவிட்டு, கேட்டதற்காக நாக்கைக் கடித்துக்கொண்டேன். "அப்புறம், அப்புறம்" என்று அழுதார். அவருக்குப் பிடித்தது என்னவென்று நானும் தம்பியும் யோசித்தோம். எங்களுக்குப் பிடித்தவைதான் நினைவுக்கு வந்தன.

சமையலறை வாசலை அகலப்படுத்தலாமா என்று கீழ்த்தளத்தில் இருக்கும் வீட்டுக்கார மாமியிடம் அப்பா கேட்டார். "நிலையை மட்டும் தொடப்படாது. தப்பா நெனச்சுக்காதீங்கோ" என்றார் மாமி. அப்பா வாசலை டேப் வைத்து அளந்தார். நான்கு நாள் பட்டறையே கதி என்றிருந்தார். பிறகு இரும்புக் குழாயில் ஒடுக்கமாக ஒரு நாற்காலி, கீழே நாலு சின்ன உருளைகளோடு செய்து, தோளில் தூக்கிக்கொண்டு மாடி ஏறினார்.

"இன்னா சொல்றே, போலாமா?" என்று அம்மாவை அதில் உட்காரவைத்துத் தள்ளினார். இரண்டு பக்கமும் விரலிடை விட்டு நாற்காலி உள்ளே நுழைந்தது.

அம்மா கொஞ்ச நேரம் அடுப்பையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு இடக்கையை நீட்டி அரிசி மாவு டப்பாவைக் காட்டினார். எடுத்தேன். "அப்புறம்" என்றார். ஃப்ரிட்ஜைக் காட்டினார். தயிரை எடுத்துக் கொடுத்ததும் விரலால் தொட்டு நாக்கில் வைத்துத் தள்ளிவிட்டார். புளிப்பில்லை.

அப்பா கீழே ஓடினார். புளித்த மோர்ச் செம்போடு மாமியே மேலே வந்து, மேடையில் இருந்ததைப் பார்த்தார். "மோர்க்களியா கிண்டப் போறேள்?"

அம்மா மாமியைப் பார்த்துத் தலையாட்டினார். ஆட்டிக்கொண்டே இருந்தார். விழுந்த நாளிலிருந்து அவர் நினைத்ததை வெளியிலிருந்து ஒருவர் சரியாகச் சொன்னது அதுதான் முதல் தடவை.

அப்பாவே கரண்டியைப் பிடித்தார். மாவை மோரில் கட்டியில்லாமல் கரைத்தார். நல்லெண்ணெயில் கடுகும் மோர்மிளகாயும் பொரிந்தன. "அப்புறம்" என்றார் அம்மா, கறிவேப்பிலை விழுந்தது. "அப்புறம்" என்றார், மாவை ஊற்றினோம். அப்பா நிறுத்தியபோதெல்லாம் அதட்டலாக ஓர் "அப்புறம்!" "கிண்டறேன்மா, கிண்டிக்கினேதான் இருக்கேன்" என்று அப்பா வியர்க்க வியர்க்கச் சிரித்தார். ஒரே சொல் என்றாலும் அந்த அரைமணி நேரம் அம்மா எங்களோடு பேசிக்கொண்டிருந்தார்.

தட்டில் எண்ணெய் தடவிக் கொட்டி, ஆறவிட்டு, அவர் கையிலேயே கொடுத்தோம். முழுத் தட்டையும் சாப்பிட்டார். யாருக்கும் நீட்டவில்லை. அம்மா யாருக்கும் எடுத்துவைக்காமல் சாப்பிட்டு நான் பார்த்ததே இல்லை. பார்க்க அவ்வளவு நன்றாக இருந்தது.

எங்கள் வீட்டில் மோர்க்களி செய்ததே கிடையாது. அப்பாவுக்குப் புளித்த வாடை ஆகாது. ஆகவே விட்டிருப்பார். ஒண்டுக்குடித்தனத்தில் யாரோ ஊட்டியதா, தாயின் கைப்பக்குவமா, தெரியாது. கேட்டேன். நீண்ட கதையைச் சொல்பவர்போல் என் கையைப் பிடித்துக்கொண்டு, கண்கள் விரிய, ஏற்ற இறக்கத்தோடு அந்த ஒரே சொல்லைத் திரும்பத் திரும்பச் சொன்னார். கடைசியில் களைத்துப்போய்ச் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். அந்தக் கதை அவரோடே போய்விட்டது.

அதன்பின் வாரத்தில் இரண்டு நாளாவது அப்பா களி கிண்டினார். சொல் எதுவும் திரும்பவில்லை. மழைக்காலத்தில் சளி நெஞ்சில் இறங்கி, மருத்துவமனையில், நாங்கள் மூவரும் பக்கத்தில் இருக்க, அம்மா அடங்கினார்.

அம்மாவைக் கவனித்த மருத்துவர்களுக்கும், பகலெல்லாம் உடனிருந்து பார்த்துக்கொண்ட செவிலிச் சகோதரிக்கும், சலிக்காமல் மோர் புளிக்கவைத்துத் தந்த மாமிக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது. பட்டறையிலிருந்து வந்த நால்வருக்குத் தனியாக நன்றி சொல்ல வேண்டும். மருத்துவமனைக்குக் கிளம்பிய அன்று அம்மாவை நாற்காலியோடு தூக்கி இறக்கியவர்கள் அவர்கள். முதல் மாடித் திருப்பத்தில் தெருவைப் பார்த்த ஜன்னல் ஒன்று உண்டு. அங்கே அம்மா கையை உயர்த்தினார். நால்வரும் நின்றார்கள். கீழே பூக்காரம்மா யாரோடோ பேரம் பேசிக்கொண்டிருந்தார். பள்ளிக்கூட ஆட்டோ ஒன்று போயிற்று. அம்மா பார்த்துக்கொண்டே இருந்தார். நால்வருடைய கைகளும் நடுங்க ஆரம்பித்தன. "போலாமா?" என்று ஒருவரும் கேட்கவில்லை. அம்மா தாமாகவே கையை இறக்கும்வரை தாங்கிக்கொண்டு நின்றார்கள்.